மறு: ‘கொம்பிரஷன்’ – ரோலிங் ஸ்டோன்ஸ் ரசிகர் குறிப்புகளுக்கு ஒரு கலைச்சொல்

அண்ணை, வணக்கம்.

‘ஹக்னி டயமண்ட்ஸ்’ அல்பம் பற்றி ரசிகர்கள் எழுதியவற்றைத் தமிழாக்கும் வேலை ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. பாராட்டுகள் சிக்கலில்லாமல் வந்துவிட்டன. 2005க்குப் பிறகு சொந்தப் பாட்டுகளோடு வந்த முதல் அல்பம் (2023 ஒக்ரோபர் 20) என்பது, 2021இல் காலமான சார்லி வொட்ஸின் ட்ரம்ஸ் இரண்டு பாட்டுகளில் ஒலிப்பது, குழுவுக்கே பெயர் தந்த மடி வோட்டர்ஸ் பாட்டைக் கடைசியில் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் இருவராகவே தருவது, இவற்றுக்கெல்லாம் சொல் தேட வேண்டியிருக்கவில்லை. முறைப்பாடுகள்தான் இடறுகின்றன. “பாட்டு நல்லது, கொம்பிரஸ் பண்ணிக் கெடுத்துப்போட்டார்கள்” என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ‘சுருக்கம்’ என்று போட்டால், எம்பி3 ஆக்கியதில் தரம் குறைந்துவிட்டதென்று வாசிக்கிறவர் எடுத்துக்கொள்வார். ‘ஒலி அமுக்கம்’ சரிவருமா?

---

தம்பி,

> ‘ஒலி அமுக்கம்’ சரிவருமா?

வராது. ‘சுருக்கம்’ பற்றி நீர் சொன்னது சரி. அது கோப்பின் அளவைக் குறைக்கிற வேலைக்கு நிலைத்துவிட்ட சொல். எம்பி3 ஆக்கினாலும் மெல்லிய இடம் மெல்லியதாகவும் உரத்த இடம் உரத்ததாகவுமே இருக்கும். ரசிகர் முறையிடுவதோ மெல்லியதும் உரத்ததும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டதைப் பற்றி.

‘அமுக்கம்’ எங்கள் பௌதிகப் புத்தகங்களில் பாஸ்கலில் அளக்கிற கணியம். ஒலி அமுக்கம் என்றால் மைக்கில் வந்து படுகிற காற்றின் அமுக்க மாற்றம். அதே துறையில் அதே சொல்லை இரண்டு பொருளில் விட முடியாது. ‘நெருக்கல்’ ஐதாக்கலோடு சோடி சேர்ந்து நெட்டாங்கு அலைக்குப் போய்விட்டது.

மிஞ்சுவது ‘ஒடுக்கம்’. எதை ஒடுக்குகிறார்கள்? மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலுள்ள வீச்சை. ஆகவே வீச்சொடுக்கம். இதில் ‘வீச்சம்’ கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும். வீச்சம் ஒரு அலையின் உயரம். வீச்சு, புள்ளிவிபரவியலில் வருவதுபோல, கூடியதற்கும் குறைந்ததற்கும் உள்ள இடைவெளி.

வீச்சை ஒடுக்குகிற கருவியில் வைத்துச் சொல்லைச் சோதித்துப் பாரும். ஒடுக்கம் தொடங்குகிற நுழைவாய் மட்டம் −20 டெசிபெல், விகிதம் 4:1. −12இல் வருகிற ஒலி நுழைவாயை 8 டெசிபெல் தாண்டுகிறது, வெளியே விடப்படுவது அதில் 2 மட்டும், அதாவது −18. உரத்தது 6 இறங்கிவிட்டது. பிறகு முழுப் பாட்டையும் 6 உயர்த்துவார்கள். உரத்தது பழைய இடத்துக்கு வரும், நுழைவாய்க்குக் கீழே கிடந்த மெல்லியது 6 மேலே ஏறி நிற்கும். இறக்குவதும் ஏற்றுவதும் சேர்ந்ததுதான் இந்த வேலை. ‘அமுக்கு’ என்றால் இறக்குவது மட்டுமே தெரியும்.

கூடவே இரண்டு சொற்கள் வேண்டும்: பிடிப்பு நேரம் (நுழைவாயைத் தாண்டிய ஒலியை இறக்கக் கருவி எடுக்கிற நேரம்), விடுப்பு நேரம் (ஒலி தணிந்தபின் பிடியை விட எடுக்கிற நேரம்). பிடிப்பு நேரம் 1 மில்லிசெக்கன் என்றால் ட்ரம்மின் அடி எழும்ப முன்னமே பிடிபட்டுவிடும். தவிலை நினைத்தால் விளங்கும்: வலந்தலையில் விரற்கூடு படுகிற அந்த ‘டக்’ போய், தோலின் முழக்கம் மட்டும் மிஞ்சும். 20, 30 மில்லிசெக்கன் கொடுத்தால் அடி தப்பி வெளியே வரும். “ட்ரம்ஸ் அட்டைப்பெட்டியில் தட்டுவதுபோல” என்று எழுதுகிற ரசிகரின் மனக்குறை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கும்.

---

அண்ணை,

வீச்சொடுக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். அடுத்தது ‘கிளிப்பிங்’, எல்லைக்கு மேல் போன அலையின் உச்சி வெட்டுப்படுவது. அலையின் உச்சிக்குப் பாடப்புத்தகச் சொல் முடி. ‘முடிவெட்டு’ என்று எழுதினால் சலூனுக்குப் போய்விடும். ‘முகடு தறிப்பு’ எப்படி? வளைந்து இறங்க வேண்டிய உச்சி, தறித்த அடிமரம்போலத் தட்டையாக நிற்கிறது.

ஆனால் ப்ளூஸில் இதே காரியம் புகழ்ச்சியாகவும் வருகிறது. லிட்டில் வோல்டர் மவுத் ஓர்கனையும் மைக்கையும் இரு கைக்குள் சேர்த்துப் பொத்தி, வால்வு அம்ளிபயரை அதன் எல்லைக்கு மேல் ஓட்டினார். 1950களின் சிக்காகோ ஒலிக்கு அந்தக் கரகரப்பு உயிர். ஸ்டோன்ஸ் 2016இல் பழைய ப்ளூஸ் பாட்டுகளை மட்டும் வாசித்த அல்பத்திலும் ஜாகரின் மவுத் ஓர்கன் அந்த வழியில்தான் உறுமுகிறது. அதையும் தறிப்பு என்றால் வாசகர் குறையென்று எடுப்பார்.

---

தம்பி,

> அதையும் தறிப்பு என்றால் வாசகர் குறையென்று எடுப்பார்.

எடுப்பார், அதனால் இரண்டு சொல் வேண்டும். வால்வு எல்லையை நெருங்கும்போது உச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்கிறது. மேற்றொனிகள் (மூலச் சுருதிக்கு மேலே சேர்ந்து ஒலிப்பவை) படிப்படியாகக் கூடுகின்றன, வாசிக்கிறவர் மெல்ல ஊதினால் குறைகின்றன. டிஜிட்டலில் முழு அளவு வந்ததும் நேர்கோடு. உயர் மீடிறன் மேற்றொனிகள் ஒரேயடியாக வந்து காதைக் குத்தும். அதுவும் ஒரு வாத்தியத்தோடு நிற்காது, குரல், கிற்றார், ட்ரம்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் கெடுக்கும்.

முதலாவதை முகடு சீவல் என்போம், இரண்டாவதை முகடு தறிப்பு. பாளை சீவுகிறவர் மெல்லிசாக, அளவறிந்து, கள்ளு இறங்கவென்று சீவுகிறார். தறித்தால் மரம் போயிற்று. இரண்டு வினையும் எங்கள் ஊரில் பனையோடு புழங்குவதால் விளக்கம் எழுதாமலே வேறுபாடு தெரியும்.

மொழிபெயர்க்க முன்னம் எது எதுவென்று பார்த்துவிடும். ஓடாசிட்டி என்கிற ஒலித்தொகுப்பு மென்பொருளில் பாட்டைத் திறந்து கிளிப்பிங் காட்டும் தெரிவை இயக்கினால் தறிபட்ட இடம் சிவப்புக் கோடாக வரும். சிவப்பு இல்லையென்று நம்பிவிட வேண்டாம்: தறித்தபின் முழுவதையும் 0.3 டெசிபெல் இறக்கியிருந்தால் கோடு வராது. புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும்வரை பெருப்பித்து, உச்சி தட்டையா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டு பதிப்புகளை ஒப்பிடுவதென்றால் இரண்டையும் −23 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (காது உணர்கிற உரப்பை அளக்கும் அலகு) கொண்டுவந்தபின் கேளும். 1 டெசிபெல் உரத்து நின்றாலே அது நல்லதுபோலக் காதுக்குப் படும். −14க்கு உயர்த்தினால் வீச்சுக் கூடிய பதிப்பின் முகடுகள் உம்முடைய கையாலேயே தறிபட்டுவிடலாம்.

“எல்பியில் வீச்சு எண் கூட, ஆகவே அது ஒடுக்கப்படாத பதிப்பு” என்கிற குறிப்புகளை மொழிபெயர்க்கும்போது அடியில் ஒரு வரி சேரும். அந்த எண், முகட்டையும் மிக உரத்த 20 வீதப் பகுதியின் சராசரி மட்டத்தையும் ஒப்பிட்டு வருவது. ஊசி வழியாக வரும்போது மேற்றொனிகளின் கட்டம் (அலைகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கிற நிலை) நகர்ந்து தட்டை உச்சிகள் திரும்பக் கூராகும், எண் ஏறும். ஒடுக்கியது ஒடுக்கியதுதான்.

---

அண்ணை,

அப்படியென்றால் அந்த வரி இப்படி வரும்: “கிற்றாரின் முகடு சீவல் அருமை; அதன்மேல் முழுப் பாட்டையும் வீச்சொடுக்கி முகடு தறித்துவிட்டார்கள்.” விடுப்பு நேரம் பிழைத்து, ஒவ்வொரு அடிக்கும் பிறகு பின்னணி பொங்கி எழும்புகிறதே, ரசிகர்கள் ‘பம்பிங்’ என்பது, அதற்கு மட்டும் சொல் இல்லை.

---

தம்பி, இளைப்பு.