சேலத்து வெயில்ல குளிர்காலத்தை எப்படி ஆடறது? நெல்கன் வரிசை பத்தி ஒரு கேள்வி

கொலுசுப்பட்டறை எழுதியது:

வணக்கம்ங்க. நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில ஒரு கொலுசு பட்டறையில சலங்கை பற்ற வைக்கிற வேலை பாக்கறேன். வயசு 46. முறையா நடனம் கத்துக்கிட்டவ இல்ல. எங்க தெருப் பொம்பளைங்க, அவங்க பிள்ளைங்கன்னு 14 பேர் சேர்ந்து தை மாசத்துல இருந்து ஒரு நடனம் பழகிட்டு இருக்கோம். சின்னவளுக்கு 19, பெரியவங்களுக்கு 63. சின்ன வயசுல ரெண்டு வருசம் பரதம் படிச்ச ஒருத்தியைத் தவிர எல்லாரும் புதுசு.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். ஜெர்மனியில வுப்பர்டால் ஊர்ல பினா பௌஷ்னு ஒரு அம்மா இருந்தாங்க. 1982 டிசம்பர்ல அவங்க மேடை ஏத்தின நடனத்துக்குப் பேரு நெல்கன். கார்னேஷன் பூவைத்தான் அவங்க பாஷையில அப்படிச் சொல்றாங்க. மேடை முழுக்க ஆயிரக்கணக்குல அந்தப் பூவை நட்டு வச்சு, அதுக்கு நடுவுல ஆடுவாங்க. அதுல ஒரு இடத்துல எல்லாரும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா வரிசையா நடந்து வருவாங்க. கால் நடந்துக்கிட்டே இருக்கும், கை மட்டும் நாலு பருவத்தைச் சொல்லும். வசந்தம் வந்தா குட்டைப் புல்லு. கோடைக்கு உயர்ந்த புல்லு, மேல சூரியன். அடுத்தது இலை உதிர்காலம், கடைசியா குளிர். முடிஞ்சதும் மறுபடி புல்லு. பினா 2009ல போயிட்டாங்க. அவங்க பேர்ல இருக்கற அறக்கட்டளை 2017ல இந்த வரிசையை யாரு வேணும்னாலும் ஆடிப் படம் பிடிக்கலாம்னு கூப்பிட்டுச்சு, கத்துக்க வீடியோவும் போட்டுச்சு.

எங்க அண்ணன் மக போன்ல காட்டினப்போ நான் மூணு தடவை பார்த்தேன். நாள் முழுக்க உட்கார்ந்த இடத்துல விரல் மட்டும் அசையற வேலைங்க எனக்கு. சலங்கை ஒண்ணு ஒண்ணா எடுத்து வைக்கணும். பெரிய பெரிய தாவல் எல்லாம் இல்லாம, நடந்துக்கிட்டே விரலால ஒரு புல்லு முளைக்கறதைச் சொல்ல முடியும்னா அது எனக்கும் வரும்னு தோணுச்சு. வந்துச்சு. புல்லு, சூரியன் ரெண்டும் ஒரு வாரத்துல எல்லாருக்கும் வந்துச்சு.

சிக்கல் குளிர்லதான். மொட்டை மாடியில சாயங்காலம் 6 மணிக்குப் பழகறோம். இது சித்திரை. அந்த நேரத்துலயும் தரை சுடுது, சாக்கை நனைச்சுப் போட்டு நிக்கறோம். குளிர்னு சொன்னதும் 14 பேரும் பல்லைக் கிட்டிச்சு உடம்பை உதறறோம். பார்த்தா நாடகம் மாதிரி இருக்கு. எங்க உடம்புக்குத் தெரியாத ஒண்ணைச் செய்யறோம்னு எனக்கே தெரியுது.

ரெண்டாவது, இலை. அவங்க ஊர்ல இலை உதிர்ந்து, குளிர் வந்து, அப்புறம்தான் புல்லு. நம்ம ஏற்காட்டுல பின்பனி முடியறப்போ தானே இலை கொட்டுது? கொட்டின கையோட காபி பூக்குது. நாங்க இதை மேல போய்க் காபித் தோட்டத்துக்குள்ளதான் ஆடிப் படம் பிடிக்கணும்னு இருக்கோம். அங்க நின்னுக்கிட்டு வேற ஊர் வரிசையை ஆடினா அந்த மலைக்குப் பொய் சொல்ற மாதிரி இருக்காதா? அசைவை மாத்தலாமா, அப்படியே ஆடணுமா? ஆடினவங்க யாராவது சொல்லுங்க.

நடைவரிசை எழுதியது:

அக்கா, கோயம்புத்தூர்ல நாங்க 22 பேர் இதை ஆடியிருக்கோம். என் கருத்து, அசைவை மாத்தாதீங்க. உலகம் பூரா எத்தனையோ ஊர்ல இதே நாலு அசைவை ஆடறாங்க. அந்தப் பெரிய வரிசையோட ஒரு துண்டுதான் உங்க 14 பேரும். மாத்தினா அது உங்களோட வேற நடனம். அதுவும் நல்லதுதான், ஆனா அதுக்கு வேற பேர் வச்சிடுங்க.

குளிருக்கு ஒண்ணு சொல்றேன். வீடியோவுல முகத்தைப் பார்க்காதீங்க, கையைப் பாருங்க. அதுல இருக்கறது மூடின கை. நாங்களும் முதல்ல உடம்பைத்தான் ஆட்டினோம். கையை இறுக்கி, முழங்கையை உடம்போட ஒட்டினதும் நடுக்கம் தானா சின்னதாயிடுச்சு.

இன்னொண்ணு, முதல் ரெண்டு வாரம் நாற்காலியில உட்கார்ந்து கையை மட்டும் பழகுங்க. கை மனசுல ஏறினப்புறம்தான் நடை. நடக்கறப்போ எண்ணிக்கிட்டே போகாதீங்க, முன்னால போறவங்க தோளைப் பாருங்க. இசை, அமெரிக்க ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் 1928ல பதிவு பண்ணினது, நிதானமான ஜாஸ். அதுக்கு அவசரமே கிடையாது.

பெரும்பொழுது எழுதியது:

நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆத்தூர்ப் பக்கம். சகோதரி கேட்ட இரண்டாவது கேள்வி என்னை இரவெல்லாம் யோசிக்க வைத்தது. நம்மவர்கள் ஆண்டை நான்காகப் பிரிக்கவில்லை. கார், கூதிர் (வாடைக்காற்று வீசும் குளிர்காலம்), முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு. மலைநிலமான குறிஞ்சிக்குத் தொல்காப்பியம் தருவது கூதிரும் முன்பனியும். ஐப்பசி முதல் தை வரை. ஏற்காட்டில் மழைச்சாரலும் மஞ்சும் சூழ்ந்து கிடப்பதும், காபிப் பழம் சிவப்பதும் அதே மாதங்கள்தான்.

கோவைத் தம்பி சொல்வதை ஏற்கிறேன். பினா அம்மையார் செய்ததை அப்படியே ஆடுங்கள். அது முடிந்ததும் திரும்பி நடக்கும்போது ஆறு பருவத்துக்கு நீங்களே ஆறு அசைவு செய்து ஆடுங்கள். கூதிரில் தொடங்குங்கள். கூதிர்க் காற்றுக்கு என்ன அசைவு என்பதை மலையில் இருப்பவர்களிடம் கேளுங்கள். எனக்குச் சொல் மட்டும்தான் தெரியும்.

சில்வர்ஓக் எழுதியது:

நமக்கு ஏற்காடுதாங்க. எஸ்டேட்ல மேஸ்திரி வேலை. நடனம் தெரியாது, ஆனா இடம் தெரியும், அதனால எழுதறேன்.

நீங்க சொன்னது சரி. நிழலுக்கு நிக்கற சில்வர் ஓக் மரம் மாசி பங்குனியிலதான் நிறைய கொட்டும். அந்த இலைக்கு ஒரு பக்கம் பச்சை, அடிப்பக்கம் வெள்ளி. காத்துல புரண்டு புரண்டு விழும், விழறப்போ மின்னும். வெள்ளியிலேயே வேலை செய்யற நீங்க அதை ஒரு தடவை நின்னு பார்க்கணும். இலை உதிர்ற அசைவுல கையை நேரா கீழ இறக்காம புரட்டிப் புரட்டி இறக்கினா எங்க மலை இலை ஆயிடும், அவ்வளவுதானே?

காபிப் பூவை நம்பித் தேதி வைக்காதீங்க. கோடை மழை ஒண்ணு நல்லா இறங்கி எட்டு, பத்து நாள்ல பூக்கும். மல்லி வாசம் மலை முழுக்க அடிக்கும். ரெண்டு மூணு நாள்ல கருகிடும். பூத்த நாள்ல 14 பேர் செடிக்கு நடுவுல நடந்தா பூ உதிரும், தேனீயும் இருக்கும், எந்த எஸ்டேட்லயும் விட மாட்டாங்க. வண்டிப் பாதையில ஆடுங்க, ஜீப் போற அகலம் இருக்கும். மழை பெஞ்ச மறுநாள் வேண்டாம், சருகு வழுக்கும், அட்டையும் ஏறும். சனி ஞாயிறு, மே மாசக் கோடை விழா சமயம் எல்லாம் வேண்டவே வேண்டாம், 20 கொண்டை ஊசி வளைவுலயும் வண்டி நிக்கும். அந்தச் சமயம் வந்தே ஆகணும்னா குப்பனூர் வழியா ஏறுங்க. காலையில ஆறரைக்கு வெளிச்சம் நல்லா இருக்கும். கண்டிப்பா முன்கூட்டி அனுமதி கேளுங்க.

கொலுசுப்பட்டறை எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. ரெண்டு வாரம் கழிச்சு எழுதறேன், ஏன்னா நடந்ததைச் சொல்லணும்.

கோவைத் தம்பி எழுதினதை மாடியில எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். மூடின கைன்னு படிச்சதும் எங்கள்ல மூத்தவங்க, எனக்குப் பெரியம்மா முறை, நிறுத்துன்னாங்க. அவங்க பத்து வயசுல இருந்து கல்யாணம் ஆகற வரைக்கும் ஏற்காட்டுல காபிப் பழம் பறிச்சவங்க. இத்தனை நாளா எங்களோட சேர்ந்து உதறிக்கிட்டுத்தான் இருந்தாங்க, ஒண்ணும் சொன்னதில்ல. "குளிர்ல உதறிக்கிட்டு நின்னா பழம் பறிக்க முடியுமா கண்ணு? விரல் மரத்துப்போனா பழத்தோட காம்பும் சேர்ந்து வந்துடும், கூலி பிடிப்பாங்க"ன்னாங்க. அப்புறம் செஞ்சு காட்டினாங்க. ரெண்டு கையையும் வாய்கிட்ட கொண்டுபோய் ஊதி, அந்தச் சூட்டை உள்ளங்கைக்குள்ள வச்சு மூடிக்கிட்டாங்க. தோள் கொஞ்சம் மேல ஏறுச்சு. அவ்வளவுதான். நடுக்கம் இருந்துச்சு, ஆனா அதை விடக்கூடாதுன்னு பிடிச்சு வச்ச நடுக்கம்.

நான் போனை எடுத்து வீடியோவைப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். அதே மூடின கை. ஊதறது மட்டும்தான் அதுல இல்ல. அதனால அசைவை மாத்தலைங்க. ஆடத் தொடங்கறதுக்கு முன்னால 14 பேரும் ஒரு தடவை கைக்குள்ள ஊதிக்கறோம். அப்புறம் வரிசையில நடக்கறப்போ, குளிர் வந்ததும் கை என்னத்தையோ வச்சிருக்குன்னு உடம்புக்குத் தெரியுது. பல்லு கிட்டிக்கறதை யாரும் செய்யறதில்ல இப்போ.

மேஸ்திரி அண்ணே, இலையைப் புரட்டிப் பார்த்தோம். கொஞ்சம் கூடிப்போச்சுன்னா வேற அசைவு ஆயிடுது, அதனால மணிக்கட்டை மட்டும் ஒரு சுத்து. ஐயா சொன்ன ஆறு பருவம் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. ஆனா கூதிர்க் காத்தை நாங்க இன்னும் பார்க்கலை. ஐப்பசியில மேல போய் ரெண்டு நாள் தங்கிட்டு வந்துதான் அதைத் தொடங்கறதுன்னு பெரியம்மா சொல்லிட்டாங்க.

கொலுசு பத்தி யாரும் கேட்கலை, ஆனா சொல்லணும். பழகறப்போ 14 பேரும் சலங்கை வச்ச கொலுசு போட்டுக்கிட்டோம். கண்ணை மூடிக்கிட்டாலே யார் கால் பிந்துதுன்னு தெரிஞ்சுடுது. படம் பிடிக்கறப்போ கழட்டிடுவோம், அந்த இசை மேல இன்னொரு சத்தம் வேண்டாம். பெரியம்மா மட்டும் போட்டுக்கட்டும்னு முடிவு பண்ணியிருக்கோம், அவங்கதான் முன்னால நடக்கறாங்க.

அண்ணே, மார்கழி முதல் வாரம் ஒரு புதன்கிழமை வந்தா வண்டிப் பாதை காஞ்சிருக்குமா? பழம் பறிக்கறவங்க வேலைக்கு இடைஞ்சல் இல்லாத நேரம் எதுன்னு கேட்டுச் சொல்லுங்க.

சில்வர்ஓக் எழுதியது:

அந்த மாசம் காலையில பனி ஈரம் இருக்கும், வழுக்காதுங்க. பறிப்பு எட்டு மணிக்குத் தொடங்கும். ஏழுக்குள்ள ஆடி முடிச்சுடுங்க, இல்லைன்னா அவங்க வர்ற வரைக்கும் இருந்து அவங்க முன்னால ஒரு தடவை ஆடுங்க. நான் எஸ்டேட்ல பேசி வைக்கறேன். பெரியம்மா எந்த எஸ்டேட்ல பறிச்சாங்கன்னு கேட்டு எழுதுங்க.