தேயிலைக் கொழுந்து நிறுவை ஆப்: பழைய பேக்கேஜைத் தூக்கலாமா?

ஹட்டன்_கோடர்: நம்ம ஆப்ல இருக்கிற ஒரு பேக்கேஜுக்கு (மத்தவங்க எழுதின ரெடிமேட் கோட்) நாலு வருசமா அப்டேட் இல்லை. என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை இறக்குற கருவி) ஆடிட், பாதுகாப்பு ஆபத்து 'ஹை'னு காட்டுது. தூக்கிரவா?

பண்டாரவளை_தேவ்: அவசரப்படாதீங்க தம்பி. முதல்ல 'என்பிஎம் எல்எஸ்' போட்டு, பக்கத்துல அந்தப் பேக்கேஜ் பெயரையும் கொடுங்க. எது அதை இழுத்துட்டு வருதுனு தெரியும். நேரடி டிபென்டன்சி (நாமளே சேர்த்த பேக்கேஜ்) இல்லைன்னா, பேக்கேஜ் டாட் ஜேசன்ல (ஆப்போட பேக்கேஜ் பட்டியல் ஃபைல்) 'ஓவர்ரைட்ஸ்' (overrides) எழுதித் திருத்தின வெர்ஷனைப் பூட்டலாம். மேஜர் வெர்ஷன் (வெர்ஷனோட முதல் எண்) மாறினா, அதை இழுத்துட்டு வர்ற தாய்ப் பேக்கேஜ் உடையலாம், டெஸ்ட் கட்டாயம்.

நுவரெலியா_அக்கா: ஆடிட் தெரிஞ்ச ஓட்டையைத்தான் சொல்லும். 2018ல ஈவென்ட்-ஸ்ட்ரீம்ங்கிற பேக்கேஜ் புதுப் பராமரிப்பாளர் கைக்குப் போனதும் பிட்காயின் திருடுற கோட் உள்ளே வந்துச்சு. எனக்கு அந்தப் பயம்தான் பெருசு. வெர்ஷன்களைப் பூட்டி வைக்கிற லாக் (lock) ஃபைலை கிட்ல (கோட் சேமிக்கிற இடம்) போடுங்க. சர்வர்ல 'என்பிஎம் சிஐ' மட்டும் (லாக் ஃபைல்ல உள்ளதை அப்படியே இறக்கும்), கூடவே இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ் (இறக்கும்போது பேக்கேஜோட ஸ்கிரிப்ட் ஓடாது).

ஹட்டன்_கோடர்: சிக்னல் இல்லாத மலைக்காக எஸ்கியூலைட் (நெட் இல்லாமலே ஓடுற டேட்டாபேஸ்) வச்சிருக்கோமே அக்கா, அதுக்கு அந்த ஸ்கிரிப்ட் ஓடணுமே?

நுவரெலியா_அக்கா: அதை மட்டும் தனியா 'என்பிஎம் ரீபில்ட்' பண்ணுங்க. இல்லாட்டி அந்த ஸ்கிரிப்ட் கொண்டுவர்ற நேட்டிவ் ஃபைல் கிடைக்காம ஆப் எழும்பாது.