மலேசியாவில் எம்சிஓ (கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு) காலத்தில் கவுன்சிலிங் போனவர்கள் யாராவது?

ஆயர் ஈத்தாம் பொண்ணு:
2021 ஜூன், முழு முடக்கம். தூக்கம் போய், ஒரு அசைன்மெண்டும் அனுப்ப முடியாமல் கிடந்து, ஒருவழியாகப் பல்கலைக்கழகக் கவுன்சிலிங்கில் பதிந்தேன். கூகுள் மீட்டில் வந்த மலாய் அக்கா எடுத்த எடுப்பில், "பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா?" என்றார். பிளாட்டில் ஏழு பேர்! தம்பிக்கு பிடிபிஆர் (வீட்டிலிருந்தே பள்ளிப் பாடம்), பாட்டிக்கு டிவி. குளியலறைக் கதவைச் சாத்தி, சத்தம் வெளியே போகாமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டுப் பேச வாயெடுத்தேன். அம்மா கதவைத் தட்டி, "தண்ணி பில்லு யாருடி கட்டுறது?" அக்காவிடம், "ஒன்றுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட்டேன்.

செராஸ்காரன்:
எனக்கு நேர்மாறு. 2020 மார்ச் 18 முதல் விடுதியிலேயே அடைபட்டேன். ரூம்மேட் முந்தின ராத்திரியே குளுவாங்குக்குப் பஸ் ஏறிவிட்டான். பேச இடம் தாராளம், ஆள்தான் இல்லை. சோற்றுப் பொட்டலம் வைக்க வரும் காவலாளி அண்ணன் ஒருநாள், "தம்பி, நேத்து வச்சதே அப்படியே இருக்கே?" என்றார். அதற்கே உடைந்துவிட்டேன். கவுன்சிலிங் பக்கம் போகவில்லை, ஃபைலில் ஏறிவிடும் என்று பயம்.

டீச்சரம்மா:
என் மகளும் அப்படித்தான் இருந்தாள், சரியாகிவிட்டாள். தம்பி, ஃபைல் பயமெல்லாம் சும்மா. தங்கச்சி, பேச இடமில்லை என்றால் எழுதலாமே? மனக்கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பினர் 1970 முதல் கோலாலம்பூரில் இருக்கிறார்கள், பினாங்கிலும் உண்டு. காசு கிடையாது, பெயர் சொல்லவேண்டாம், இமெயிலிலும் பதில் போடுவார்கள். அப்புறம், காலை வெயிலில் நில்லுங்கள். ராத்திரி போனை ஹாலில் வையுங்கள். மைலோ பானத்தைக் குறைத்து, தினமும் தேவாரம் ஒரு பதிகம்...

செராஸ்காரன்:
டீச்சர், இங்கே யாரும் வழி கேட்கவில்லை. பயம் சும்மாவும் இல்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவை 2023இல்தான் நீக்கினார்கள். அதற்கு முன்னால் எவன் வாயைத் திறப்பான்?

டீச்சரம்மா:
கவுன்சிலிங்குக்குப் போனால் போலீஸ் வராது தம்பி. மைலோ விஷயம் நிஜம்.

ஆயர் ஈத்தாம் பொண்ணு:
சண்டை வேண்டாமே. எழுதியிருக்கலாம்தான் டீச்சர், தோன்றவில்லை. குழாய் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் ஒரு பிள்ளை "நல்லாத்தான் இருக்கேன்" என்றதை அப்படியே நம்பிவிட்டார்களே! மறுவாரம் ஒரு வாட்ஸ்அப்கூட வரவில்லை. எனக்கு ஆறாதது அதுதான்.