படிகத்தில் இருப்பது தடுப்பான்தான், அப்புறம் சப்ஸ்ட்ரேட் உட்காரும் விதம் எப்படித் தெரிகிறது?

நொதிப்பித்தன்:
ரொம்ப நாளாக உறுத்தும் கேள்வி. ஒரு நொதியின் படிக அமைப்பை வைத்துக்கொண்டு, சப்ஸ்ட்ரேட் (நொதி மாற்றும் மூலக்கூறு) ஆக்டிவ் சைட்டில் (வினை நடக்கும் இடத்தில்) இப்படித்தான் பொருந்துகிறது என்று அடித்துச் சொல்கிறார்கள். அந்த அமைப்பைச் சேமித்துவைத்த பிடிபி கோப்பைத் திறந்தால், அங்கே உட்கார்ந்திருப்பது நொதியின் வேலையைத் தடுக்கும் ஏதோ ஒரு தடுப்பான். நிஜ சப்ஸ்ட்ரேட்டையே போட்டுப் படம் எடுத்தால் என்ன?

படிகவேல்:
போடலாம், ஆனால் நிற்காது. புரதப் படிகத்தில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர்தான், நொதி உள்ளேயும் பல சமயம் வேலை செய்யும், நீங்கள் எக்ஸ் கதிரைக் காட்டுவதற்குள் சப்ஸ்ட்ரேட் விளைபொருளாக மாறியிருக்கும். அதனால்தான் தடுப்பான், அல்லது வினை செய்யும் அமினோ அமிலத்தை மாற்றி முடக்கிய நொதி.

மிச்சத்தை யோசித்துத்தான் பிடிக்க வேண்டும். பாக்டீரியாவின் சுவரை வெட்டும் நொதியான கோழி முட்டை லைசோசைம்தான் இதற்கு எனக்குப் பிடித்த கதை. 1965இல் டேவிட் பிலிப்ஸ் குழு 2 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) துல்லியத்தில் அதன் அமைப்பைக் கண்டது. நாக் (NAG) எனப்படும் சர்க்கரை மூன்று கோத்த துண்டு ஒன்று, தடுப்பானாக, நொதியில் உள்ள பிளவின் மேல்பாதியில் ஏ, பி, சி என்ற மூன்று இடங்களில் உட்கார்ந்திருந்தது. சி இடத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால், சர்க்கரையின் அசிட்டமைடு பகுதி நொதிச் சங்கிலியின் 59ஆம் அஸ்பரஜின், 107ஆம் அலனின் என்ற அமினோ அமிலங்களின் முதுகெலும்போடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டிருக்கும். கீழே டி, இ, எஃப் என்று இன்னும் மூன்று சர்க்கரைக்கு இடம் காலி, அதை மாதிரி கட்டித்தான் நிரப்பினார்கள்.

இனிமேல்தான் விஷயம். பாக்டீரியாச் சுவரில் நாம் (NAM) என்ற இன்னொரு சர்க்கரையும் நாக் சர்க்கரையும் மாறி மாறி வரும், நொதி வெட்டுவது NAM-க்கு அடுத்து நாக் வரும் பிணைப்பை. சி இடத்தில் NAM-இன் பக்கக்கிளைக்கு இடம் போதாது, ஆகவே NAM பி, டி, எஃப் இடங்களில்தான் வர முடியும், வெட்டு பி-சி நடுவிலோ டி-இ நடுவிலோ விழ வேண்டும். அந்த மூன்று சர்க்கரைத் துண்டு ஏ, பி, சியில் உடையாமல் இருக்கிறதே, அப்படியானால் பி-சி இல்லை. மிஞ்சியது டி-இ. அங்கே போய்ப் பார்த்தால் 35ஆம் குளுட்டமிக் அமிலமும் 52ஆம் அஸ்பார்டிக் அமிலமும் ஆளுக்கு ஒரு பக்கம் நிற்கின்றன!

கதிர்_எக்ஸ்:
அருமை, ஆனால் ஒன்று சேர்க்க வேண்டும். வெட்டும் இடம் சரியாக அமைந்தது, வினை நடக்கும் விதம் திருத்தப்பட்டது. 52ஆம் அஸ்பார்டிக் அமிலம் அருகில் நின்று மின்சுமையைத் தாங்குவதாகத்தான் பிலிப்ஸ் சொன்னார். 2001இல், 35ஆம் குளுட்டமிக் அமிலத்தை குளுட்டமினாக மாற்றி, ஃப்ளோரின் சேர்த்த சர்க்கரையைக் கொடுத்து வினையைப் பாதியில் நிறுத்திப் பார்த்தபோது, அந்த 52ஆம் அமிலம் சர்க்கரையோடு நேரடியாகச் சகப்பிணைப்பு போட்டிருந்தது.

கேள்வி கேட்டவருக்கு: வண்ணப் படத்தை நம்பாமல், எக்ஸ் கதிர் அளவீட்டிலிருந்து கணக்கிட்ட எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தைத் திறங்கள். லிகண்டை (நொதியில் உட்கார்ந்திருக்கும் மூலக்கூறை) விலக்கிவிட்டுக் கணக்கிட்ட வேறுபாட்டு வரைபடத்தில், 3 சிக்மாவில் (வரைபடத்தின் வழக்கமான ஏற்ற இறக்கத்தைப் போல மூன்று மடங்கு அளவில்) அதன் உருவம் தானாகத் தெரிகிறதா? லிகண்டின் பி-ஃபேக்டர் (அணுக்கள் எவ்வளவு அசைகின்றன என்பதைக் காட்டும் அளவு) சுற்றியுள்ள அமினோ அமிலங்களைவிட எக்கச்சக்கமாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். அப்புறம் 2 ஆங்ஸ்ட்ராமில் ஹைட்ரஜன் தெரியாது, அணுக்களுக்கு நடுவே 2.6 முதல் 3.2 ஆங்ஸ்ட்ராம் வரை தூரம் இருப்பதைப் பார்த்துத்தான் ஹைட்ரஜன் பிணைப்பு என்கிறோம்.

நொதிப்பித்தன்:
சரி, இப்போது புரிகிறது. ரெடி படிகத்தைத் தடுப்பான் கரைசலில் ஊறப்போட்டால் போதுமா?

படிகவேல்:
பல நொதிகளுக்குப் போதும். ஈஸ்ட் ஹெக்சோகைனேஸ் மாதிரி, குளுக்கோஸ் வந்ததும் நொதியின் ஒரு மடல் சுமார் 12 டிகிரி திரும்பி மூடிக்கொள்ளும் ஆசாமிகளிடம் நடக்காது, படிகம் விரிசல் விடும், இல்லையென்றால் பக்கத்து மூலக்கூறுகள் நெருக்கி நொதியைத் திறந்த நிலையிலேயே பிடித்துவைத்துவிடும். அதற்கெல்லாம் லிகண்டோடு சேர்த்தே படிகம் வளர்த்துவிடுங்கள்.