4 கே நீராவி எஞ்சின் மாடல் வளைவில் தடம் புரள்கிறது, உதவி தேவை

குட்டித்தடம்:
எல்லோருக்கும் வணக்கம். ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்துக் குறும்பாதை (அகலம் குறைந்த ரயில் பாதை) எஞ்சினான 4 கே-யை 1:87 அளவில், பாகங்களாக வரும் ஒரு கிட்டிலிருந்து செய்திருக்கிறேன். தடம் 9 மி.மீ., வளைவின் ஆரம் 250 மி.மீ. நேர்த்தடத்தில் அருமையாக ஓடுகிறது. வளைவுக்குள் நுழைந்ததும் முன்போகியின் (போகி என்றால் இங்கே பெட்டி அல்ல, எஞ்சினுக்கு அடியில் சக்கரங்களோடு தனியாகத் திரும்பும் சட்டம்) முதல் சக்கரம் வெளிப்பக்கத் தண்டவாளத்தின் மேல் ஏறிக் கீழே விழுந்துவிடுகிறது. பின்னோக்கி ஓட்டினால் பின்போகிக்கும் அதே கதி. சக்கரங்களுக்கு இடையிலான அளவு சரியாக இருக்கிறது. எடை கூட்டியும் பலனில்லை. மலைப்பாதை வளைவுகளுக்காகவே கட்டிய எஞ்சின் ஆயிற்றே, மாடல் மட்டும் ஏன் இப்படிப் படுத்துகிறது?

கரிப்புகை:
இரண்டு விஷயம் சொல்லுங்கள். எஞ்சினைத் தலைகீழாகப் பிடித்து விரலால் போகியைத் திருப்பினால் எவ்வளவு திரும்புகிறது? இரண்டு போகிகளுக்கும் நடுவே போகும் நீராவிக் குழாய் ஒரே துண்டா?

குட்டித்தடம்:
ஒவ்வொரு பக்கமும் 3 டிகிரி இருக்கலாம். அதற்கு மேல் ஏதோ இடிக்கிறது. குழாய் ஒரே துண்டுதான், கிட்டிலேயே அப்படித்தான் வந்தது.

கரிப்புகை:
அப்படியென்றால் கோளாறு அங்கேதான்.

சாக்சனியின் 750 மி.மீ. அகலப் பாதைகளில் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 50 மீட்டர். ஃப்ரைட்டால்-ஹைன்ஸ்பெர்க்கிலிருந்து கிப்ஸ்டோர்ஃப் போகும் பாதையில் அப்படிப்பட்ட வளைவுகள் உண்டு. 1:87-இல் அது 575 மி.மீ. உங்கள் வளைவோ 250. நிஜ எஞ்சினில் போகி மையங்களுக்கு இடையே சுமார் 4.8 மீட்டர். கணக்குப் போட்டால் 50 மீட்டர் வளைவில் ஒவ்வொரு போகியும் 3 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பினால் போதும். உங்கள் வளைவில் 6 டிகிரிக்கு மேல் வேண்டும். கிட் அசலை நேர்மையாகப் பின்பற்றியிருக்கிறது, அதனால்தான் உங்கள் தடத்தில் தோற்கிறது.

இடிப்பது எது என்றும் சொல்லிவிடலாம். இது மேயர் அமைப்பு, அதாவது இரண்டு போகிகளும் திரும்பும் வகை. இரண்டு போகிகளின் சிலிண்டர்களும் எஞ்சினின் நடுவில் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். பாய்லர் நீராவி முதலில் பின்போகியின் சிறிய உயர் அழுத்தச் சிலிண்டர்களுக்குப் போகும், அங்கிருந்து முன்போகியின் பெரிய சிலிண்டர்களுக்கு, பிறகு புகைபோக்கிக்கு. சிலிண்டர்கள் நடுவில் இருப்பதால் அந்த இணைப்புக் குழாய் குட்டையாக முடிகிறது. ஆனால் நிஜத்தில் அது மூட்டுகளோடு அசையும். உங்களுடையது விறைத்த கம்பி. இரண்டு போகியையும் அதுவே பிடித்து வைத்திருக்கிறது.

குழாயை நடுவில் வெட்டி ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் தெரியவே தெரியாது. பிறகு எஞ்சினை வளைவில் நிறுத்தி உட்பக்கத்தைப் பாருங்கள். உட்பக்கச் சிலிண்டர் மூடிகள் ஒன்றையொன்று நெருங்கும், வெளிப்பக்கம் விலகும். தொட்டால் மூடியின் உள்விளிம்பை மட்டும் அரத்தால் லேசாகத் தேயுங்கள்.

1892 முதல் 1921 வரை கெம்னிட்ஸின் ஹார்ட்மன் ஆலையில் 96 எஞ்சின்கள் இப்படிக் கட்டினார்கள். இருபதுக்கு மேல் இன்னும் மிச்சம் இருக்கின்றன. மணிக்கு 30 கி.மீ. தான் வேகம், ஆனாலும் குறும்பாதை எஞ்சின்களில் எனக்கு இதைவிடப் பிடித்தது வேறில்லை. பொறுமையாகச் செய்யுங்கள், நன்றாக வரும்.

மலைக்கோடு:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு போகிகளையும் ஒரே மாதிரி இறுக்காதீர்கள். ஒன்றைப் பக்கவாட்டில் சாய விடுங்கள், மற்றது முன்பின் மட்டும் ஆடட்டும். தடம் கொஞ்சம் மேடுபள்ளமாக இருந்தாலும் எல்லாச் சக்கரமும் தண்டவாளத்தில் நிற்கும்.

ஒரு சந்தேகம்: என்னிடம் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பாதையில் ஓடும் மாலே வகை எஞ்சினின் மாடல் இருக்கிறது. அதற்கும் இதே வைத்தியமா?

கரிப்புகை:
இல்லை சார். மாலேயில் பின்பகுதி சட்டத்தோடு அசையாமல் இருக்கும், முன்பகுதி மட்டும்தான் திரும்பும். அதனால் முன்பகுதிக்குப் பக்கவாட்டு இடம் நிறைய வேண்டும். உயர் அழுத்த நீராவி அசையும் மூட்டு வழியாகப் போகவே வேண்டாம் என்பது அந்த அமைப்பின் பெரிய வசதி.

குட்டித்தடம்:
குழாயை வெட்டினேன், இடப்பக்க மூடியையும் கொஞ்சம் தேய்த்தேன். 250 வளைவில் இரண்டு திசையிலும் விழாமல் ஓடுகிறது! ரொம்ப நன்றி. எதிரெதிர் வளைவுகள் சேரும் இடத்தில் மட்டும் இன்னும் தட்டுகிறது.

கரிப்புகை:
அங்கே இரண்டு போகிகளும் ஒரே திசையில் திரும்புவதால் சிலிண்டர்கள் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாக விலகும். இரண்டு வளைவுகளுக்கும் நடுவே குறைந்தது 55 மி.மீ. நேர்த்துண்டு போடுங்கள். உங்கள் மாடலில் போகி மையங்களின் இடைவெளி அவ்வளவுதான்.