வங்கதேச உடன்படிக்கையில் கையெழுத்திட்டது யார்?

செங்கதிர்:
"ஐ.எல்.ஓ. (ஐ.நா.வின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) இல்லையென்றால் வங்கதேச ஆடைத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பே கிடைத்திருக்காது" என்று ஞானசேகரன் ஐயா நேற்று எழுதியிருக்கிறார். படித்ததும் வயிறு எரிந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். அடுத்த மாதமே வந்த பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்கள் ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும்தான். இண்டஸ்ட்ரியால், யூனி என்ற இரண்டு உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகள் முன்னால் நின்றன. ஐ.எல்.ஓ. கையெழுத்திடவில்லை.

ஞானசேகரன்:
தம்பி, பாதியை மட்டும் சொல்லாதீர்கள். அந்த உடன்படிக்கையை நடத்திய குழுவில் நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் சம இடம். நடுவில் நடுநிலைத் தலைமை வகித்தது ஐ.எல்.ஓ.தான். ராணா பிளாசாவில் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டு நிதியைப் பொறுப்பேற்றுக் காத்ததும் அதுதான். 2015-இல் 3 கோடி டாலர் சேர்ந்து முடிந்தது. யாருக்கு எவ்வளவு என்று கணக்கிட்டது வேலையில் ஏற்படும் காயத்துக்கான இழப்பீடு பற்றிய ஐ.எல்.ஓ.வின் 121-ஆம் உடன்பாட்டை வைத்து. இதெல்லாம் ஒன்றுமில்லையா?

செங்கதிர்:
கல்யாணத்துக்குத் தலைமை தாங்கியவர் மாப்பிள்ளை ஆகிவிட மாட்டார், ஐயா. கையெழுத்திட்டவர்தான் வழக்குப் போட முடியும். பழுதைச் சரிசெய்யத் தாமதித்த இரண்டு நிறுவனங்கள் மீது ஹேக் நகரின் நடுவர் மன்றத்துக்குப் போனவர்கள் சங்கத்தார். அதில் ஒரு நிறுவனம் 2018-இல் 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. ஐ.எல்.ஓ. கையெழுத்திட்டிருந்ததா? இல்லை.

தாமரைச்செல்வி:
இருவரும் கூலியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த உடன்படிக்கை தீ, கட்டடப் பாதுகாப்போடு நின்றுவிட்டது. 2023-இல் தொழிலாளர்கள் குறைந்தபட்சக் கூலியாக மாதம் 23,000 டாக்கா (வங்கதேச நாணயம்) கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். உயிர்களும் போயின. கிடைத்தது 12,500. அப்போது உலக அமைப்புகள் எதைச் சாதித்தன?

செங்கதிர்:
கூலியைத் தனியாகப் பேசலாம், அக்கா. இங்கே கேள்வி கையெழுத்து.

நடுநிலையான்:
வங்கதேசப் பொருட்களுக்கான இறக்குமதி வரிச்சலுகையை அமெரிக்கா 2013 ஜூனில் நிறுத்தியதை மறந்துவிட்டீர்களே. அந்த அழுத்தம் இல்லாமல் வங்கதேச அரசு தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியிருக்குமா?

ஞானசேகரன்:
ஆயத்த ஆடைகளுக்கு அந்தச் சலுகையில் பெரும்பாலும் இடமே இல்லை. சங்கம் வைக்கும் உரிமைக்கான 87, கூட்டுப்பேரத்துக்கான 98 ஆகிய இரண்டு ஐ.எல்.ஓ. உடன்பாடுகளையும் இன்றுவரை ஏற்காத நாடு அமெரிக்கா. அது அடுத்தவருக்குப் பாடம் எடுக்கிறதா?

செங்கதிர்:
நீங்களே வழிக்கு வந்துவிட்டீர்கள். வங்கதேசம் அந்த இரண்டையும் 1972-லேயே ஏற்றுக்கொண்டது. என்ன பயன்? ராணா பிளாசா இடிவதற்கு முந்தின நாளே சுவர் விரிசல் விட்டிருந்தது. அதே கட்டடத்துக்குள் மறுநாள் காலை தொழிலாளர்களை மிரட்டி ஏற்றினார்கள். மறுத்து நிற்க அவர்களுக்குச் சங்கம் இல்லை. ஐ.எல்.ஓ. தலைமையகமான ஜெனீவாவில் இருந்த உடன்பாட்டுத் தாள் யார் கையைப் பிடித்துத் தடுத்தது? நிறுவனத்தை நீதிக்கு இழுக்கும் கையெழுத்து வந்த பிறகுதான் 1,600-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளில் ஆய்வு நடந்தது. அதில் ஐ.எல்.ஓ. கையெழுத்திடவில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஞானசேகரன்:
சங்கம் வைப்பது உரிமை என்று உலகம் ஏற்கச் செய்ததே அந்தத் தாள்தான். 1919 முதல் கட்டிய அடித்தளத்தின் மேல் நின்றுகொண்டு அடித்தளமே இல்லை என்கிறீர்கள். தலைமை வகித்தது ஐ.எல்.ஓ. அதை மறுக்க முடியுமா?

செங்கதிர்:
மறுக்கவே இல்லை. கையெழுத்திட்டவர் பட்டியலில் ஐ.எல்.ஓ. எந்த வரியில் இருக்கிறது என்று காட்டுங்கள்.

நடுநிலையான்:
தலைவர் எப்படி ஐயா கையெழுத்திடுவார்? பிறகு நடுநிலை எங்கே இருக்கும்?

செங்கதிர்:
உங்களிடம் கேட்கவில்லை.

தாமரைச்செல்வி:
12,500 டாக்காவைப் பற்றி யாராவது பேசுவீர்களா, மாட்டீர்களா?

ஞானசேகரன்:
பேசலாம் அம்மா. முதலில் இந்தத் தம்பி தலைமையின் பொருளை ஒப்புக்கொள்ளட்டும்.

செங்கதிர்:
பட்டியல், ஐயா. பட்டியல்.