புதுப்பிப்பு: கார்பன் ஸ்டீல் மடக்குக் கத்தியில் துரு, வினிகர் கைகொடுத்தது

தினமும் பையில் போட்டுக்கொள்ளும் ஒப்பினெல் எண் 8 என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியை எப்படித் துருவிலிருந்து காப்பது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன், சில நாளில் பிசுபிசுப்பாகித் தூசி ஒட்டியதுதான் மிச்சம். பலன் தந்தது வினிகர் யோசனை. அலகைச் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவி, வெதுவெதுப்பான வினிகரில் நனைத்த டிஷ்யூ தாளைச் சுற்றி வைத்தேன், கைப்பிடி மரத்தில் படாமல். சாம்பல் நிறம் ஏறியதும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, மினரல் ஆயில் ஒரு பூச்சு. அழகு என்று சொல்ல முடியாது, திட்டுத்திட்டாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு அதுவே பிடித்துவிட்டது.

எதிர்பாராதது: எலுமிச்சை நறுக்கினால் முன்பு வந்த இரும்பு வாடை இப்போது அநேகமாக இல்லை. அப்புறம், வினிகரால் ஏறிய இந்தச் சாம்பல் படலம் துருவைக் குறைக்குமே தவிர முழுக்கத் தடுக்காது. நகம் வைத்துத் திறக்கும் பள்ளத்தில் ஈரம் தங்கி ஒரு செம்புள்ளி வந்தது, எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்ததும் போய்விட்டது. தீட்டும்போது விளிம்பில் அந்தச் சாம்பல் படலம் போய்விடும், அங்கே மட்டும் எண்ணெய் தடவிக்கொண்டால் சரி.